நாற்பத்தொரு வீட்டுக்கும் சொன்னவர்

நோபேட் கொட்டாஞ்சேனையில் பெரிய ஆள் ஒன்றுமில்லை. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினார், ஓய்வு பெற்றார், மனைவியைப் புதைத்தார், பிள்ளைகள் இல்லை, போன ஒக்டோபரில் தானும் போய்ச் சேர்ந்தார். ஒழுங்கான ஒரு படம்கூட இருக்கவில்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். இவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு எழுதியே ஆகவேண்டும். காரணம் போகப் போகத் தெரியும். அது எனக்குப் பெருமை தருகிற காரணம் அல்ல.

எங்கள் சுண்ணாம்புத் தோட்டம் மரம் செடி உள்ள தோட்டம் அல்ல. ஒரு ஒடுங்கின சந்துக்குள், ஒரு ஒழுங்கைக்குள், முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளுக்குக் கொழும்பில் தோட்டம் என்று பெயர். நாற்பத்தொரு வீடு. பாதிக்கு மேல் கத்தோலிக்கர், மிச்சத்தில் சைவர், ஏழு முஸ்லிம் வீடு, ஒன்பது சிங்கள வீடு. எல்லாருக்கும் சேர்த்து ஒரு மரண உதவிச் சங்கம் இருந்தது. மரண உதவிச் சங்கம் இந்த நாட்டில் சந்திக்குச் சந்தி இருக்கிறதுதான். ஆனால் மற்ற இடங்களில் ஊருக்கொன்று, சமயத்துக்கொன்று என்று வைத்திருப்பார்கள். எங்களுடையது ஒழுங்கைக்கு ஒன்று. நோபேட் அதன் செயலாளர். தலைவர் என்று ஒருவர் கிடையாது. தலைவர் வைத்தால் அந்த ஆள் அடுத்த மாநகர சபைத் தேர்தலில் நிற்பான் என்பது நோபேட்டின் பயம்.

மனிதருடைய அரசியல் முழுவதும் இந்தச் சங்கத்துக்குள்தான் இருந்தது. துறைமுகத் தொழிற்சங்கத்தில் இருந்து, இரண்டு கட்சிக்குக் கொடி பிடித்து, இரண்டிலும் ஏமாந்தவர். கட்சிக்காரனுக்கு எங்கள் கதவு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் தெரியும், அதுவும் உள்ளே எத்தனை வோட்டு என்ற கணக்கில்தான் தெரியும் என்பார். நான் பருத்தித்துறைக்காரி. எனக்கு அரசியல் என்றால் உரிமை, தீர்வுத் திட்டம், பேச்சுவார்த்தை. பக்கத்து வீட்டில் யார் செத்தது என்று தெரியாத சனத்துக்கு நீங்கள் எந்தத் தீர்வைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதை வைக்க இடம் இல்லை என்று அவர் என்னோடு வாய்ச்சண்டைக்கு வருவார். கிரேன் ஓட்டின மனிதர் அரசியல் படிப்பிக்க வந்துவிட்டார் என்று நானும் வாய்க்குள் முணுமுணுப்பேன்.

சங்கத்துக்கு அவர் வைத்த விதிகள் கொஞ்சம்தான். ஒழுங்கையில் யார் செத்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், அந்த வீட்டுப் பாஷையில், வாயால் சொல்லவேண்டும். டெலிபோன் கூடாது. சொல்லப் போகிறவர் வாசலில் நின்றுதான் சொல்லவேண்டும். உட்காரக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அரசியல்வாதி வந்தால் வரட்டும், மற்றவர்களைப்போல இருந்துவிட்டுப் போகட்டும், மைக் கொடுக்கக் கூடாது. ஒருமுறை ஒரு வேட்பாளர் சனம் உட்காரத் தன் பெயர் அடித்த நூறு கதிரை அனுப்பினார். நோபேட் அதே லொறியில் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருஷம் முழுக்கச் சனம் பாயில் குந்தியிருந்து அவரைத் திட்டியது.

இன்னொரு விதியும் இருந்தது. சொல்லப் போகும்போது இரண்டு பேர் போகவேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் கொப்பியில் அந்த வீட்டை எழுதவேண்டும். ஆனால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதவே கூடாது. நான் ஏன் என்று கேட்டேன்.

“சொல்றது நம்ம வேலை, டீச்சர். வாறது அவங்கட மனசு. வராதவன்ட பேரை எழுதி வெச்சா அது பொலீஸ் கொப்பி,” என்றார்.

பொலீஸ் கொப்பி எனக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூற்றாறில் நானும் என் கணவர் சிவபாதசுந்தரமும் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தபோது எங்கள் பெயர் முதலில் ஏறிய இடம் அதுதான். வடக்கிலிருந்து வந்த தமிழர் எல்லாரும் பொலீஸில் பதியவேண்டும். இரண்டு வருஷத்தில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். என் சொந்தக்காரர் எல்லாம் வெள்ளவத்தையில் இருந்தார்கள். அன்றைக்கு வழி நெடுக செக்பொயின்ற். இளம் பெடியள் உள்ள வீட்டுக்காரர் எப்படி வருவார்கள்? நாலைந்து கிழடுகள் வந்தார்கள், இருட்டுவதற்கு முன் போய்விட்டார்கள். நான் சவத்துக்குப் பக்கத்தில் தனியே இருந்தேன். தூக்க நாலு பேர் இல்லையே என்ற ஒரே நினைப்பு.

அப்போதுதான் இந்த நோபேட் வாசலில் வந்து நின்றார். எனக்கு அவர் யார் என்றே தெரியாது. நாற்பது வீட்டுக்கும் சொல்லியாயிற்று என்றார். அரை மணித்தியாலத்தில் ஒழுங்கை நிரம்பிவிட்டது. பெயர் தெரியாத சிங்களப் பெண்கள் தேத்தண்ணீர் ஊற்றினார்கள். வெளியே ஒருவர் ஏணியில் ஏறி நின்று பெரிய தறப்பாள் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் பௌஸி. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் பௌஸி நானா.

பௌஸியின் தொழில் லொறிகளுக்குத் தறப்பாள் தைப்பது. சங்கத்துக்கென்று ஒழுங்கையின் அளவுக்கே ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார், கட்டுவதும் அவர்தான். நடுக்கயிற்றை மட்டும் ஒரு முழம் ஏற்றிக் கட்டுவார். எவ்வளவு மழை கொட்டினாலும் தண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்து கானுக்குள் போய்விடும். தோட்டத்தில் எந்தச் சமயத்துச் செத்தவீடு என்றாலும் அந்தத் தறப்பாளுக்குக் கீழேதான். அவருடைய மனைவி ருக்கியா அன்று இரவு முழுக்க என் பக்கத்தில் இருந்தாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். இதையெல்லாம் நான் மறந்துபோயிருந்தால் எனக்கு மன்னிப்பாவது கிடைத்திருக்கும். மறக்கவில்லை. எல்லாம் நினைவில் இருக்கும்போதுதான் பின்னால் அப்படிச் செய்தேன்.

அடுத்த மாதமே நான் சங்கத்தில் சேர்ந்தேன். இருபது வருஷம் கொப்பி என் கையில். நோபேட் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு சாவுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: “நாற்பத்தொரு வீட்டுக்கும் சொல்லப்பட்டது.”

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஈஸ்டர் ஞாயிறு. எங்கள் ஒழுங்கைப் பெடியன் பிரசாந்தின் மனைவி ஜெனிற்றா பக்கத்துக் கோவிலுக்குக் காலைப் பூசைக்குப் போனாள். பிரசாந் இரவு வேலை முடிந்து வந்து நித்திரையில் இருந்தான். குண்டுச் சத்தத்தில் அவனுடைய வீட்டு அலுமாரிக் கண்ணாடி உடைந்தது. அவளை அடையாளம் கண்டு எடுக்க மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. கல்யாணம் கட்டிப் பதினொரு மாதம்.

ஊரடங்கு தளர்ந்த நேரம் பார்த்து நோபேட்டும் நானும் சொல்லப் புறப்பட்டோம். பிரசாந் ஒழுங்கை முகப்பில் நின்றான். கண் இரண்டும் இரத்தமாய் இருந்தது. கோவிலில் குண்டு வெடிக்க வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்று அதற்குள் ரிவியில் வந்துவிட்டது. அவனுகளில் ஒருத்தன் என் வீட்டு வாசலுக்கு வந்தாலும் வெட்டுவேன் என்று யாரைப் பார்த்தும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் அவனைத் தாண்டிப் போனோம். ஒன்பது கதவுக்குச் சொன்னோம். பத்தாவது கதவு பௌஸியுடையது. ஏழு முஸ்லிம் வீடும் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு கிடந்தன.

நோபேட் படியில் ஏறிவிட்டார். தட்டக் கையும் தூக்கிவிட்டார்.

“அண்ணை, வேண்டாம்,” என்று நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தேன். “இண்டைக்கு வேண்டாம். சொன்னா பௌஸி வராமல் இருக்கமாட்டார். வந்தா அந்தப் பெடியன் ஏதும் செய்துபோடுவான். பிறகு சொல்லுவம்.”

அவர் தூக்கிய கையோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை இறக்கினார், படியை விட்டு இறங்கினார். பௌஸியின் கதவைத் தாண்டின பிறகு மற்ற ஆறு கதவையும் தாண்டுவது சிரமமாக இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து நான் கொப்பியை விரித்து வழக்கமான அதே வரியை எழுதினேன். நாற்பத்தொரு வீட்டுக்கும் சொல்லப்பட்டது. இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று படிப்பித்தவள் எழுதின வரி அது.

தறப்பாள் பௌஸியின் வீட்டுக்குள் இருந்தது. கேட்கப் போக முடியாதே. வாடகைக் கூடாரம் கொண்டுவந்தார்கள். வெளியாட்கள் நாலு பேர் இரும்புக் கம்பங்களை நட்டு, அந்த வீட்டு ஜன்னலுக்கு நேரே கயிறு இழுத்துக் கட்டினார்கள். ஜன்னல் திறக்கவில்லை.

பிறகு சொல்லுவம் என்றேன் அல்லவா? அந்தப் பிறகு வரவே இல்லை. மற்ற ஆறு வீட்டாரும் நாள் போகப் போக ஒன்றும் நடக்காததுபோலக் கதைத்தார்கள். பௌஸி கதைக்கவில்லை. வழியில் கண்டால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். நோபேட் என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசினதில்லை. நானே ஒருநாள் தாங்காமல் கதையை எடுத்தேன், என்னால்தானே என்றேன்.

“நீங்க மறிச்சீங்க, சரி. எறங்கின கால் என்ட கால்தானே,” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அடுத்த வருஷம் கொரோனா. தொற்றில் செத்தவர்கள் யாராக இருந்தாலும் எரிக்கவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலம். புதைக்க விடுங்கள் என்று முஸ்லிம் சனம் கெஞ்சியது, கத்தியது, அரசாங்கம் கேட்கவில்லை. டிசம்பர் மாதம் ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் தோட்டத்துக்கு வந்து, பௌஸி வீட்டில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று நோபேட்டிடம் சிங்களத்தில் கேட்டார். மிச்சம் என்றால் என்ன என்று இவர் கேட்டார். அந்த வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் இறந்து எட்டு நாள், எரித்தாயிற்று, உங்களுக்குத் தெரியாதா என்றார் அவர்.

எட்டு நாள். என் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஆறு வீடு. ருக்கியா தெஹிவளையில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டு, சமைத்து, சாப்பிட்டு, ரிவி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு இரவு முழுக்க இருந்தவளை நெருப்பில் போட்டிருக்கிறார்கள். பௌஸி யாருக்கும் சொல்லவில்லை. நோபேட் அன்றைக்கு முழுக்கப் படியில் குந்தியிருந்தார். சங்கம் செத்துப்போயிற்று டீச்சர், நாங்கள்தான் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறோம் என்றார்.

அந்த வீட்டுத் தனிமைப்படுத்தல் முடிந்த அன்று அவர் பௌஸியின் கதவைத் தட்டப் போனார். நான் தூரத்தில் நின்றேன். கதவு திறந்தது.

“யார்ட மௌத்த செல்ல வந்தீங்க, நோபேட் அண்ண?” என்று பௌஸி கேட்டார். மௌத்து என்றால் சாவு.

கோபமாகக் கேட்கவில்லை. அது என்னவோ எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. நோபேட் படியை விட்டு இறங்கித் திரும்பி வந்தார். மூன்று மாதத்தில் பௌஸி வீட்டை விட்டு மாளிகாவத்தையில் மகன் ரிம்ஸானின் பிளற்றுக்குப் போய்விட்டார். சங்கம் வாட்ஸ்அப்புக்குப் போயிற்று. இப்போது சாவு என்றால் கைகூப்புகிற படம் ஒன்று வரும், அதற்குக் கீழே முப்பது கைகூப்புகிற படம் வரும். வாடகைக் கூடாரம் வரும். முடிந்தது.

நோபேட்டுக்கு ஈரலில் நோய். கடைசி இரண்டு மாதம் நானும், வேறு யாருமல்ல, அந்தப் பிரசாந்தும்தான் பார்த்துக்கொண்டோம். பிரசாந் மறுகல்யாணம் செய்யவில்லை. கதையும் குறைந்துவிட்டது. பெட்பான் எடுப்பது முதல் எல்லாம் செய்தான், முகம் சுளிக்காமல். சாகிறதுக்கு மூன்று நாளைக்கு முன் நோபேட் என்னிடம் சத்தியம் வாங்கினார். தன் சாவை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. நாற்பத்தொரு வீட்டுக்கும் நேரில் சொல்லவேண்டும். முதல் கதவு பௌஸியுடையதாக இருக்கவேண்டும். வருவாரா என்று நான் கேட்டேன். அது அவர் மனசு என்றார். ஆனால் அந்த மூன்று நாளும் கண் முழித்த நேரமெல்லாம் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறபோதே யாராவது சொல்லி பௌஸி வந்துவிடமாட்டாரா என்று அந்த மனிதருக்கு ஆசை. எனக்குத் தெரிந்திருந்தது. போய்க் கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை, பாருங்கள். சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு சாவு வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு வியாழன் காலை ஆறு மணிக்குப் போய்விட்டார். எட்டு மணிக்கு நான் கொப்பியோடு மாளிகாவத்தைக்கு ஓட்டோவில் போனேன். மூன்றாம் மாடி. இரண்டு பேர் போகவேண்டும் என்பது விதி. பிரசாந்தைச் சவத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்ததால் எனக்குத் துணைக்கு வர ஆள் இல்லை. பௌஸி வாசலுக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்து லொறித் தறப்பாள் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. மருமகள் ஷிம்னா கதிரை கொண்டுவந்தாள், தண்ணீர் கொண்டுவந்தாள். நான் இருக்கவில்லை, தண்ணீரைத் தொடவில்லை. அதைப் பார்த்ததும் பௌஸி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

“நோபேட் அண்ணை காலமை ஆறு மணிக்கு மோசம் போயிட்டார். நாளைக்கு மூண்டு மணிக்கு எடுக்கிறம். உங்கட வீட்டுக்குச் சொல்லியாச்சு,” என்றேன்.

அவர் தலையைக் குனிந்து வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு யார் சொல்லச் சொன்னது என்று கேட்டார். அவரேதான், முதல் கதவு உங்கள் கதவு என்றார் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நான் போயிருக்கவேண்டும். விதி அதுதான். என்னால் முடியவில்லை.

“நானா, அண்டைக்கு அவர் உங்கட வாசலுக்கு வந்தவர். நான்தான் மறிச்சனான்,” என்றேன்.

பௌஸி என் முகத்தை நேரே பார்த்தார்.

“தெரியும், டீச்சர். ஜன்னல் நீக்கலால பாத்துக்கொண்டுதான் ஈந்த. அவரு கைய தூக்கினதயும் கண்ட, நீங்க சட்டைய புடிச்சதயும் கண்ட. நான் கதவுக்கு இந்தப் பக்கம், தாப்பாள்ல கைய வெச்சிட்டு நிண்ட. ஒரு தட்டு தட்டினா தொறக்க.” தன் கையைப் பார்த்தார். “தட்டாமலும் தொறந்திருக்க ஏலும். நானும் தொறக்கல்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில், அந்நிய மாடிப்படியில், கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல நின்று அழுதேன். ருக்கியாவின் பெயரை எடுக்க வாய் வரவில்லை. அவரும் எடுக்கவில்லை. உள்ளே போய், நாலாய் மடித்துக் கயிற்றால் கட்டின ஒரு தறப்பாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூசு இல்லை, எண்ணெய் போட்டு, கயிறு கோக்கிற கண் அறுந்த இடமெல்லாம் புதிதாகத் தைத்து வைத்திருந்தார்.

“இது சங்கத்துச் சாமான். எங்கடது இல்ல. கொண்டு போங்க.”

“நீங்களே வந்து கட்டித் தாங்கோவன், நானா.”

“கைக்கு ஏலாது, டீச்சர்,” என்றார்.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அந்தக் கையால் இரும்பு ஊசியை இழுத்துக்கொண்டிருந்தார். ரிம்ஸான் தறப்பாளை ஓட்டோவில் ஏற்றிவிட்டான். திரும்பி வந்து மற்ற நாற்பது வீட்டுக்கும் நேரில் சொன்னேன். பௌஸியின் பழைய வீட்டில் இப்போது இருக்கிற புதுக் குடும்பத்துக்கும் சொன்னேன். அவர்களுக்கு நோபேட் யார் என்றே தெரியாது, ஆனாலும் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் காலை பிரசாந்தும் இன்னும் மூன்று பேரும் ஏணி வைத்துத் தறப்பாளைக் கட்டினார்கள். நடுக்கயிற்றை ஏற்றிக் கட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கே, எப்படி என்று தெரியாது. யாருக்கும் தெரியாது. இரண்டு மணிக்கு ஒக்டோபர் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் நடுவில் தேங்கித் தறப்பாள் வயிறு வைத்தது. பிரசாந் தும்புத்தடியால் கீழிருந்து தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு பக்கம் தள்ள மறு பக்கம் தேங்கியது. கடைசியில் ஒரு மூலை அவிழ்ந்து தண்ணீர் முழுவதும் கதிரைகள்மேல் கொட்டியது, சனம் எழும்பி ஓடியது.

“சே, பௌஸி நானா இருந்திருந்தா,” என்றான் பிரசாந். சொல்லிவிட்டு அப்படியே நின்றான். ஐந்தாறு வருஷத்தில் அந்த ஒழுங்கையில் யாரும் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லாத பெயர். தடியைச் சுவரில் சாத்திவிட்டு முகத்தைத் துடைத்தான், மழைத் தண்ணீரா என்னவோ. மூன்று மணி தாண்டி மூன்றே முக்கால் வரை பெட்டியை எடுக்காமல் வைத்திருந்தோம். மழை என்று எல்லாருக்கும் சொன்னோம். மழை மூன்று மணிக்கே விட்டுவிட்டது. பிரசாந் இரண்டு தரம் ஒழுங்கை முகப்புக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தான். நானும் பார்த்தேன். பிறகு ஃபாதர் நேரத்தைக் காட்டினார், தூக்கிக்கொண்டு சேமக்காலைக்குப் போனோம்.

வீட்டுக்கு வந்து கொப்பியை விரித்தேன். நாற்பத்தொரு வீட்டுக்கும் சொல்லப்பட்டது என்று எழுதினேன். இந்தத் தரம் அதில் பொய் இல்லை. பௌஸி வரவில்லை என்று கீழே எழுதவேண்டும்போல இருந்தது, பேனா நுனியையும் தாளில் வைத்துவிட்டேன். ஆனால் வராதவரின் பெயரை எழுதக் கூடாது என்று அந்த மனிதர் விதி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றும் எழுதாமல் கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்தேன்.